தாத்தாவுக்குத் தடம், பிள்ளைகளுக்கு விடுமுறை

பள்ளி விடுமுறை நெருங்கினால் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு பொதுக்கூட்டம் நடக்கும். இந்த ஜூன் விடுமுறைக்கு மூத்தவன் கெந்திங் என்றான். சின்னவள் ஜோகூர் லெகோலாண்ட் என்றாள். என் கணவர், “பெட்ரோலையும் டோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பேசுங்க” என்றார். எல்லாரும் பேசி முடித்த பிறகு என் தாய்மாமா தொண்டையைச் செருமினார். “கெரிக் போகலாம். ஏரி இருக்கு, படகு இருக்கு, நல்ல நேரமா இருந்தா யானையே ரோட்டைக் கடக்கும்.”

அவர் சொல்லாமல் விட்டதை அத்தை சொன்னார். “ஏங்க, இது பிள்ளைங்க லீவா, உங்க பன்றி லீவா?”

“ரெண்டும்தான். ஒரே பெட்ரோல்தானே?” என்றார் மாமா. என் கணவர் அந்த இடத்திலேயே கட்சி மாறினார்.

விஷயம் இதுதான். மாமாவின் நண்பர்கள் நான்கு பேருக்குக் கெரிக் பக்கத்தில் சிறுதோட்டங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள். துப்பாக்கி உரிமமும் பெர்ஹிலித்தான் வேட்டை உரிமமும் அவர்கள் பெயரில் இருக்கின்றன. மாமாவிடம் துப்பாக்கி இல்லை. பல ஆண்டுகளாகவே இல்லை. அவர் அந்தக் குழுவின் தடம் பார்ப்பவர். ஜூலையில் வேட்டை என்று பேச்சு. அதற்கு முன்னால் அந்த நிலத்தை அவர் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். அவர் சரி என்று சொன்னால்தான் மற்றவர்கள் தோட்டா வாங்குவார்கள்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டத்தோ கிராமாட் சாலையை இன்று பார்ப்பவர்களுக்கு டைம்ஸ் ஸ்குவேர் கட்டடமும், பாடாங் பிரவுன் சாப்பாட்டுக் கடைகளும், எந்நேரமும் நெரிசலும்தான் தெரியும். டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஈய உருக்காலை இருந்தது. பேராக் மண்ணிலிருந்து தோண்டிய ஈயம் இங்கே வந்து உருகிக் கட்டியாகிக் கப்பலேறியது. மாமா தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் பினாங்குக்கு வந்து அந்த உருக்காலையில் சேர்ந்தார். வேலை நாட்களில் உலை வெப்பம், விடுமுறை நாட்களில் காடு. தோட்டத்தில் இருந்தபோது நாய்களோடு பன்றி விரட்டிய பழக்கம் அவரை விடவில்லை. உருக்காலை போய்க் கட்டடம் வந்தது. சிவன் கோயிலுக்குப் போகும் வழியில் அதைக் கடக்கும்போது இன்றும் “கம்பெனி” என்றுதான் சொல்வார்.

வேட்டை என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் ஒரு குடும்ப விடுமுறையையும் வேட்டைக்கு முந்தைய தடம் பார்த்தலையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது மாமாவின் கண்டுபிடிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு அமெரிக்காவிலிருந்து வந்துபோகும் ஒரு பொறியாளர் கொலராடோ மாநிலத்தவர். அமெரிக்காவிலேயே எல்க் மான் மிக அதிகம் உள்ள மாநிலம் அது. அங்கே வில் வேட்டைக் காலம் செப்டம்பரில் தொடங்கும். ஜூலையில் மனைவி மக்களோடு மலையில் கூடாரம் போடுவாராம். பிள்ளைகள் மீன் பிடிப்பார்கள். இவர் விடியற்காலையில் தொலைநோக்கியோடு மேடேறுவார். கோடையில் எல்க் மரங்கள் முடியும் உயரத்துக்கே போய்ப் புல் மேயும். பனி விழத் தொடங்கினால் கீழே இறங்கிவிடும். ஜூலையில் பார்த்த இடத்தில் அக்டோபரில் போய் நின்றால் வெறும் புல்தான் இருக்கும் என்று சிரிப்பார். இதை மாமாவிடம் சொன்னபோது, “பார்த்தியா, அவனுக்கும் இதே வேலைதான்” என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

எல்க் நம் பக்கத்து விலங்கு இல்லை. ஆனால் அந்தப் பெயர் நம் பக்கம் வந்து போயிருக்கிறது. இலங்கையிலும் நீலகிரியிலும் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் கடமானைத்தான் ‘எல்க்’ என்று அழைத்தார்கள். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட வேட்டைப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரும் எல்க், இலங்கைத் தமிழர் மரை என்று சொல்லும் அதே மான்தான். மலாய்க்காரர்களுக்கு அது ரூசா. நம் ஊரில் அதைச் சுடுவதற்கு உரிமம் கொடுப்பதை 2009இல் நிறுத்தி வைத்தார்கள், கிஜாங்கையும் சேர்த்துத்தான். 2015இல் முடிந்திருக்க வேண்டிய தடையைப் பிறகு நீட்டினார்கள். மாமாவின் குழுவுக்கு அன்றோடு மான் வேட்டை முடிந்தது. அதற்கும் முன்பே மான் தடம் அருகிப் போய்விட்டது என்பார்.

பினாங்குப் பாலத்தைத் தாண்டி, பட்டர்வொர்த்-கூலிம் நெடுஞ்சாலையைப் பிடித்து, கூலிம், பாலிங், பெங்காலான் ஹூலு வழியாகக் கெரிக். நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று மணி நேரம். 1955 டிசம்பரில் துங்குவும் சின் பெங்கும் பேச்சுவார்த்தை நடத்திய ஊர் பாலிங் என்பதை மூத்தவனுக்குச் சொன்னேன். பாடப் புத்தகத்தில் இருப்பதுதான், தெரியும் என்றான். அங்கே சாப்பிட்ட நாசி லெமாக்தான் அவனுக்கு நினைவில் நிற்கும் என்று நினைக்கிறேன். வண்டியில் துப்பாக்கி இருக்கிறதா என்று சின்னவள் மூன்று முறை கேட்டாள். இல்லை. தொலைநோக்கி ஒன்று, முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்து மூன்று ஜோடி, அட்டைக்காகப் புகையிலை, மாமாவின் நோட்டுப் புத்தகம், ஒரு பொட்டலம் திருநீறு. இவ்வளவுதான் வேட்டைச் சாமான்.

திருநீறு எதற்கு என்று மறுநாள் காலையில் தெரிந்தது. வெளிச்சம் வந்ததும் மாமா, மூத்தவன், நான் மூவரும் செம்பனை ஓரமாக நடந்தோம். என் கணவரும் சின்னவளும் தூங்கினார்கள், அதுவும் விடுமுறைதான். மாமா நெற்றியில் இட்டுக்கொண்ட பிறகு மிச்சத் திருநீற்றில் ஒரு சிட்டிகையை விரலிடுக்கில் வைத்து மெல்ல உதிர்த்தார். வெள்ளைத் தூசு எங்கள் முகத்துப் பக்கமே வந்தது. “நல்லது. காத்து நம்ம மேல வருது. பன்றிக்குக் கண்ணு சுமார்தான், மூக்குதான் எல்லாம்.” அதன் பிறகு கால் மணிக்கு ஒருமுறை அந்தப் பொட்டலம் வெளியே வந்தது.

மாமா எதைப் பார்த்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் நடப்பவர்களுக்கு உதவும்.

காட்டுப்பன்றியின் தடத்தில் முன்னால் இரண்டு குளம்பு பதியும். அதற்குப் பின்னால், அகலமாக, இரண்டு சின்னப் புள்ளிகள். மான் தடத்தில் அந்தப் பின்புள்ளிகள் பெரும்பாலும் விழாது. சேறு ஆழமாக இருந்தால்தான் தெரியும். தாபிர், அதாவது மலாய்க்காரர்களின் தெனுக், முன்காலில் நான்கு விரலும் பின்காலில் மூன்று விரலும் பதிக்கும். ஈரமண்ணைக் கலப்பையால் உழுதது போலக் கிளறிப் போட்டிருந்தால் பன்றி கிழங்கும் புழுவும் தேடியிருக்கிறது. கிளறிய மண்ணின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நேற்று ராத்திரி; மழை பட்டு மழுங்கியிருந்தால் பழசு. சேற்றுக் குழியில் புரண்ட பன்றி பக்கத்து மரத்தில் உடம்பைத் தேய்க்கும். அந்தச் சேற்றுக் கறை மூத்தவனின் இடுப்பு உயரத்தில் இருந்தது. மாமா தன் கைத்தடியை வைத்து அளந்து நோட்டில் குறித்தார்.

இன்னொன்றும் காட்டினார். ஓடைக்கு மேலே, ஒடித்த இளஞ்செடிகளைக் குவித்து வைத்தது போல ஒரு மேடு. யாரோ விறகு சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மாமா எங்கள் இருவரையும் பின்னுக்குத் தள்ளினார். தாய்ப்பன்றி குட்டி போடக் கட்டும் கூடு அது. செடிகளைக் கடித்து ஒடித்து, அடுக்கி, அடியில் படுக்கும். உள்ளே கோடு போட்ட குட்டிகள் இருந்தால் தாய் யாரையும் விடாது. அந்தக் கூடு காலியாக இருந்தது, ஆனாலும் மாமா கிட்டே விடவில்லை. காலியான கூட்டில் உண்ணி நிறைய இருக்குமாம். நோட்டில் அந்த இடத்துக்குப் பெருக்கல் குறி போட்டார். அங்கே யாரும் போகக்கூடாது என்று அர்த்தம்.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையால் வரைந்த நில வரைபடம். பன்றித் தடம், சேற்றுக் குழி, நடைபாதை எல்லாம் நீல மையில். அதே பக்கத்தில் சிவப்பு மையிலும் குறிகள் இருந்தன. நீலத்தைவிடச் சிவப்பு அதிகம்.

“சிவப்பு என்ன தாத்தா?” என்று பையன் கேட்டான்.

“மனுசன்.”

பால்மரத் தோட்டத்தில் யார் எந்த வரிசையில் எத்தனை மணிக்கு வெட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழி எது. ஓரங் அஸ்லி மக்கள் ரோத்தான் எடுக்க எந்தப் பக்கம் ஏறுவார்கள். வீட்டுக் கூரை தெரிகிற இடம், வீடு இருந்தும் கூரை தெரியாத இடம். பன்றியைத் தேடுவது தன் வேலையில் பாதிகூட இல்லை என்றார் மாமா. பன்றி தப்பித்துப் போனால் அடுத்த மாதம் வரும். புதருக்குப் பின்னால் அசைந்தது பன்றி இல்லை என்றால்?

இப்படிப்பட்ட செய்தியை நாம் எல்லாருமே படித்திருப்போம். விலங்கு என்று நினைத்துச் சுட்டார், தோழர் விழுந்தார் என்று நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி வரும். மாமாவுக்கு அது நான்கு வரி இல்லை. அவர் பிறந்த தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் தொடையில் வேட்டைக்காரர் ஒருவரின் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார்; கடைசி வரை ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். மாமாவுக்கு அப்போது பதினோரு வயது. அந்தப் பெண்மணி எங்கள் பாட்டிக்குப் பக்கத்து லயத்துக்காரர். இதை மாமா எனக்கும் முன்பு சொன்னதில்லை. பையனிடம் சொல்லும்போது நானும் கேட்டேன்.

சப்பாத்துகளைத் தங்கும் இடத்துக்கு வெளியே கிருமிநாசினி போட்டுக் கழுவினோம். இதிலும் மாமா கறார். 2021இல் முதலில் சபாவில் தெரியவந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. 2023இல் பினாங்குப் பண்ணைகளையும் தாக்கியது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் காட்டுச் சேற்றைச் சப்பாத்தில் ஒட்டவைத்துக்கொண்டு வந்து ஒரு பண்ணைக்காரரின் பிழைப்பைக் கெடுக்க நம்மால் முடியும்.

மதியம் கதை வேறு பக்கம் திரும்பியது. அத்தைக்குப் பன்றி இறைச்சி ஆகாது. மாமா கொண்டுவந்தால் பின்கட்டில், தனி அடுப்பில், தனிச் சட்டியில் அவரே சமைத்துக்கொள்ள வேண்டும். வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அன்று காலை நாங்கள் காட்டில் இருந்தபோது அத்தை சின்னவளைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார். கீரைக்காரம்மா ஒருவரோடு பேச்சு. அவர் மூலம் பால் வெட்டும் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர். அவர்களோடு ஒரு கடையில் தே தாரிக். அந்தக் கடைக்கார மாச்சிக்கோடு இன்னும் அரை மணி நேரம். எல்லாம் ஊர்ப் பேச்சுதான். பேரன் பேத்தி, முட்டி வலி, சாமான் விலை.

சாப்பிடும்போது அத்தை போகிற போக்கில் சொன்னார். “அந்தச் சரிவுல இப்ப புதுசா ரெண்டு பேரு வெட்டுறாங்களாம். இருட்டுலயே நெற்றி விளக்கு கட்டிக்கிட்டு ஏறி, விடிஞ்ச பிறகு பால் எடுக்கத் திரும்ப வருவாங்களாம். அப்புறம், மேல டுரியான் விழ ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வாரத்துலேருந்து குடிசைக்குக் குடும்பத்தோட போயிருவாங்களாம்.”

மாமா கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டார். “எந்தச் சரிவு?”

“ஓடைக்கு மேல. ஒரு பெரிய பாறை இருக்குதாமே.”

சிவப்புப் பேனா வந்தது. தட்டுக்குப் பக்கத்திலேயே நோட்டு விரிந்தது. மாமா இரண்டு நாள் நடந்திருந்தாலும் அந்த இரண்டு பால்வெட்டுக்காரர்களைப் பார்த்திருக்கமாட்டார். முழங்கால் சப்பாத்து போட்ட அறுபத்தெட்டு வயது ஆளிடம் வழியில் போகிறவர்கள் எவ்வளவு பேசுவார்கள்? பேத்தியைக் கையில் பிடித்த பாட்டியிடம் எல்லாம் சொல்வார்கள். தடம் பார்க்கிறவர் குடும்பத்தோடு வருவது வீண் சுமை என்று இந்த நாட்டிலும் கொலராடோவிலும் நினைக்கிற ஆண்களுக்கு இந்தச் செய்தியை நான் பணிவோடு சமர்ப்பிக்கிறேன்.

அடுத்த நாள் பிள்ளைகளின் நாள் என்று ஒப்பந்தம். கெரிக்கிலிருந்து பண்டிங் படகுத்துறைக்கு முக்கால் மணி நேரம். அது 1982இல் திறந்த கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் காடு, வழி நெடுக யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகள். 2025 மே 11ஆம் தேதி, அன்னையர் தினத்தன்று விடியற்காலையில் இந்தச் சாலையில்தான் ஒரு யானைக் குட்டி லாரியில் அடிபட்டது. லாரிக்கு அடியில் கிடந்த குட்டியை விட்டு நகராமல் தாய் தலையை லாரியின் மேல் அழுத்திக்கொண்டு நின்ற படத்தை நாடே பார்த்தது. சின்னவளும் பார்த்திருக்கிறாள். அந்த இடம் எது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என் கணவர் பதில் சொல்லவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும்.

தெமெங்கோர் ஏரி 1970களில் அணை கட்டியபோது உருவானது. முங்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன. வடக்கே ரோயல் பெலும் மாநிலப் பூங்கா. 2007இல் அரசிதழில் வெளியானது, 117,500 ஹெக்டர். உள்ளே போக அனுமதி வேண்டும், படகுக்காரர்களே ஏற்பாடு செய்வார்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாட்சியும் இந்தக் காட்டில் உண்டு. நாங்கள் பார்த்தது ஒரு வகைதான், நான்கு பறவைகள். தலைக்கு மேலே பறந்தபோது இறக்கைச் சத்தம் பழைய நீராவி ரயில் போல இருந்தது. சின்னவள் அதுவரை போட்ட சத்தமெல்லாம் அடங்கியது அந்த அரை நிமிடம்தான்.

படகிலிருந்து இறங்கி ஓர் உப்பு மண் இடத்துக்கு நடந்தோம். அங்கே சிரா என்கிறார்கள், பகாங் பக்கம் ஜெனுட். விலங்குகள் தாது உப்புக்காக வந்து சேற்று நீரைக் குடிக்கும் இடம். மாமா மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். யானையின் வட்டத் தடம். தெனுக்கின் மூன்று விரல். ஓரத்தில் ஒன்றே ஒன்று, நீளமான இரண்டு குளம்பு, பின்புள்ளி இல்லை.

“ரூசா,” என்றார். சத்தமே வரவில்லை.

தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தடத்தின் பக்கத்தில் வைத்துப் பையனைப் படம் எடுக்கச் சொன்னார். இந்தப் பூங்காவில் யாரும் எதையும் சுட முடியாது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் பத்து நிமிடம் அந்த ஒற்றைத் தடத்தை விட்டு எழவில்லை. புலிக்கு முக்கியமான இரை இந்த மான். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, நாட்டில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று சொன்னது. கண்ணிகள் புலியை நேராகப் பிடிக்கின்றன. மான் இல்லாமல் போவது அதைப் பட்டினி போடுகிறது. “நாங்க சுட்டதும் அந்தக் கணக்குல இருக்கும்மா” என்று மாமா என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உப்பு மண்ணை முதலில் தேடிப் பழகியவர்கள் வேட்டைக்காரர்கள்தான். தியோடர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர் மலாயாவில் யானையும் செலாடாங்கும் சுட்டு 1905இல் புத்தகமே எழுதியவர். பிறகு அவரே மலாயா வனவிலங்குகளைக் காக்கப் பல ஆண்டுகள் போராடினார். இன்று நாம் தாமான் நெகாரா என்று போய்வரும் பூங்கா உருவானதில் அவர் பங்கு பெரியது. ஈப்போ ரயில் நிலையத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் அவருடைய அண்ணன்தான் என்பது என் கணவர் படகில் அவிழ்த்துவிட்ட பொது அறிவு.

கடைசி நாள் காலை ஓடைக்கு மேலே, பாறைக்கு அப்பால் ஏறினோம். இந்த முறை அத்தையும் வந்தார். நம் ஊரில் டுரியானைப் பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழ வேண்டும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் விழும். அதனால் பழக் காலத்தில் குடும்பம் குடும்பமாகக் குடிசையில் படுத்துக் காவல் இருப்பார்கள். ‘தொப்’ என்று சத்தம் கேட்டால் விளக்கோடு ஓடுவார்கள். அதே சத்தத்துக்குப் பன்றியும் ஓடிவரும். மரத்தடியில் கடித்துப் பிளந்த தோல்கள், மென்று துப்பிய கொட்டைகள், சுற்றிலும் புதுக் குளம்புத் தடங்கள். நாங்கள் பார்த்த இடங்களிலேயே நீல மைக்கு அதிக வேலை கொடுத்த இடம் அதுதான். இருபது அடி தள்கி, புதிதாகக் கூரை வேய்ந்த குடிசை. உள்ளே சுருட்டி வைத்த பாய்கள் மூன்று. கயிற்றில் சின்னப் பிள்ளையின் கால்சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

மாமா சிவப்புப் பேனாவை எடுத்துத் தனித்தனியாகக் குறி போடவில்லை. அந்தச் சரிவு முழுவதையும் சுற்றி ஒரு வளையம் போட்டார்.

மதியம் நண்பரோடு போனில் பேச்சு சூடாகத்தான் போனது. நண்பரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய மரங்களை வெட்டிப் புதிதாகச் செம்பனைக் கன்று வைத்திருக்கிறார். பன்றிகள் ராத்திரியில் வந்து கன்றைப் பிடுங்கி நடுக்குருத்தைத் தின்றுவிட்டுப் போகின்றன. ஒவ்வொரு கன்றும் காசு, அதோடு அது காய்க்க எடுக்கும் ஆண்டுகள். ஜூலையில் முடியாது, டுரியான் முடிந்து குடிசைகள் காலியான பிறகு அக்டோபரில் பார்க்கலாம் என்றார் மாமா. அதற்குள் பாதித் தோட்டம் போய்விடும் என்றார் நண்பர். கன்றைச் சுற்றித் தகர வளையம் போடலாம், தானும் வந்து இரண்டு நாள் கூட நின்று உதவுவதாக மாமா சொன்னார். மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு தகரத்தின் விலை பற்றிப் பேச்சு போனது. சரிதான், ஒத்துக்கொண்டுவிட்டார் என்று புரிந்தது.

ஜூலை இரண்டாம் வாரம் மாமாவும் என் கணவரும் தகரம் கட்டப் போகிறார்கள். மூத்தவன் அக்டோபர் வேட்டைக்குத் தானும் வருவேன் என்று இப்போதே கேட்கத் தொடங்கியிருக்கிறான். தடம் பார்க்கும் நாட்களுக்குச் சரி என்றேன். துப்பாக்கி வெளியே வரும் நாளுக்கு, இல்லை என்றேன். மாமாவும் அதையே சொன்னார், அதனால் வீட்டில் சண்டை இல்லை.

டத்தோ கிராமாட்டுக்குத் திரும்பி வந்த மூன்றாம் நாள் அந்த நண்பர் மறுபடி கூப்பிட்டார். போனை எடுத்தது அத்தை. மாமாவிடம் கொடுக்கிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றாராம். “அண்ணி, செப்டம்பர் கடைசியில அண்ணனை அனுப்புறதா இருந்தா நீங்களும் சேர்ந்து வாங்க. அவரு வரலைன்னாகூட நீங்க வந்து அந்தக் கடையில ஒரு காலையில உட்கார்ந்துட்டுப் போனா போதும்.”

அத்தை யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கீரைக்காரம்மாவின் பேத்திக்கு அந்த மாதம் சடங்காம். எப்படியும் போகத்தான் வேண்டுமாம்.